எம்பிக்கு எழுதி என்ன வரப்போகுது?

ஊரில் ஒருவருக்குக் கான்சர் என்று தெரியவந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது விசுவமடுவில் எல்லாருக்கும் தெரியும். முதல் கிழமை வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் கிழமை வைபர் குழுவில் ஒரு படம் வரும்: கட்டிலில் ஒருவர், பக்கத்தில் கிளினிக் கொப்பி, படத்துக்குக் கீழே வங்கிக் கணக்கு இலக்கம். ரொறன்ரோவிலும் பரிசிலும் இருக்கிற நாலு பேர் பார்த்து மனம் கேளாமல் காசு அனுப்புவார்கள். வான் பிடிக்க, வெளியில் ஸ்கான் எடுக்க, ஆசுப்பத்திரியில் இல்லாத மருந்தைக் கடையில் வாங்க அது உதவும். சில மாதத்தில் இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு படம் வரும். இந்த ஒழுங்கைக் குழப்பி, "இதைப் பற்றி எம்பிமாருக்கு ஒரு கடிதம் எழுதுவம்" என்று யாராவது சொன்னால் தேத்தண்ணிக் கடையில் சிரிப்பு எழும். "எம்பிக்கு எழுதி என்ன வரப்போகுது அண்ணை? கனடாவில ரெண்டு பேரிட்டச் சொல்லுங்கோ."

சிரிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2009 தை மாதக் கடைசியில் இந்த ஊரை விட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனவர்கள் அவர்கள். போன இடமெல்லாம் ஆசுப்பத்திரியும் தங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்ததைக் கண்டவர்கள். அதற்குப் பிறகு எத்தனை தேர்தல், எத்தனை மேடை, எத்தனை கட்டவுட் பார்த்தாயிற்று. அந்தக் கசப்பு சம்பாதித்த கசப்பு. ஆனால் அந்தக் கசப்பை வைத்துக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவு பிழை. அதன் விலையை, நோய் வந்தபிறகு, நாங்களே கட்டுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எம்பிக்கு நாங்கள் எழுதுவதில்லை என்பதே உண்மையில்லை. ஆசிரிய இடமாற்றத்துக்கு எழுதுகிறோம். மகனுக்கு அரச வேலைக்கு எழுதுகிறோம். நல்ல பள்ளிக்கூடத்தில் அனுமதிக்கு, விளையாட்டுக் கழகத்துக்குத் துடுப்பும் பந்தும் வாங்க, கோயில் வீதிக்குக் கிரவல் போட, எல்லாவற்றுக்கும் எழுதுகிறோம். கடிதத் தலைப்பில் ஒரு சிபாரிசு வாங்க விடியக் காலையில் போய் வாசலில் நிற்கிறோம். 2024இல் மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் பற்றி நாடே பேசியபோது, வடக்கின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தான் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டார். பார் திறக்கக் கடிதம் உதவும், பயொப்ஸி முடிவு கெதியாக வரக் கடிதம் உதவாதாம். மதுவே வாய்க்கும் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் ஈரலுக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் கடிதங்கள் இதுவரை எந்தப் பக்கம் நின்றிருக்கின்றன என்பது விளங்கும். தனக்கென்று கேட்கிற கடிதத்தின் பலத்தை ஊர் நம்புகிறது. ஊருக்கென்று கேட்கிற கடிதம் என்றதும்தான் சிரிப்பு வருகிறது.

இனி அவர்களுடைய மிகப் பலமான வாதத்துக்கு வருவோம். தெல்லிப்பளையைப் பார், அது சனத்தின் காசில் எழும்பியதுதானே என்பார்கள். உண்மைதான். 2011 யூலையில் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள், 670 கிலோமீற்றர் தூரம் நடந்து பணம் சேர்த்தார்கள். அந்த நடையில் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் முன்னின்றார்கள். அந்தப் பணத்தில் எழுந்த 'ட்ரெயில்' புற்றுநோய் மருத்துவமனை 2013இல் தெல்லிப்பளையில் திறக்கப்பட்டது. 2016இல் அதே நடை திசை மாறி, பருத்தித்துறையில் தொடங்கி, காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்காக நடந்தது. அதே ஆண்டு மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் பெட் ஸ்கான் இயந்திரம் வாங்க இருபது கோடி ரூபாய் இலக்கு வைத்து நாடு முழுவதும் சாதாரண சனங்கள் காசு போட்டார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒன்றாக நின்ற, இந்த நாட்டில் அரிதான நல்ல காட்சிகளில் இவை சேரும். அந்த நடையில் கொப்புளம் கண்ட கால் ஒவ்வொன்றுக்கும் வணக்கம்.

ஆனால் நடந்து சேர்த்த காசு கட்டிடத்தைக் கட்டும். அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கும் புற்றுநோய் வைத்தியருக்கு மாதம் முடியச் சம்பளம் யார் கொடுக்கிறார்? தாதியர், கதிர்ச் சிகிச்சைத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர் ஆகியோரின் ஆளணிக்கு அனுமதி தருவது திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். கீமோ மருந்துக்கான பணம் சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. இயந்திரம் பழுதானால் திருத்த ஒப்பந்தத்துக்குப் பணம் வேண்டும், மின்சாரத்துக்கு வேண்டும். இவையெல்லாம் வருடா வருடம் பாராளுமன்றத்தில் கையை உயர்த்தி நிறைவேற்றும் பணம். பெட் ஸ்கானுக்குச் சேர்ந்த காசுகூட, சேர்ந்த உடனே இயந்திரமாகிவிடவில்லை. அரசாங்கக் கேள்விப்பத்திர நடைமுறைக்குள் போய் இழுபட்டுத்தான் வந்தது. தருமம் கதவுவரை கொண்டுவந்து விட்டது, கதவைத் திறக்கும் சாவி அரசிடமே இருந்தது. ஆகவே தெல்லிப்பளை எனக்கு எதிரான சாட்சி அல்ல. ஒரு தடவை தருமம் செய்த இடத்தில் ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டும் என்பதற்கான சாட்சி அது.

இப்போது அந்தக் கட்டிடம்வரை போகிற பாதையைப் பார்ப்போம், ஏனென்றால் எங்களுடைய கதை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. விசுவமடுவிலிருந்து ஏ-35 வீதியில் பரந்தன், அங்கிருந்து ஏ-9 பிடித்து ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம், பிறகு காங்கேசன்துறை வீதியில் தெல்லிப்பளை. ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். மகரகம என்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்கிற வேலை. பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தி இருபது வருடமாகிறது. செத்தவீட்டுத் தட்டத்தில் அது இன்னும் முதல் மரியாதையோடுதான் இருக்கிறது, அது வேறு கதை. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் வழமையாகக் கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவைக்குக் குறையாது. ஒரு தடவைக்கு இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்காகப் போகவர இருநூறு கிலோமீற்றர். முப்பது நாளுக்கு ஆறாயிரம் கிலோமீற்றர். இடையில் நாட்களைத் தவறவிட்டால் சிகிச்சையின் பலன் குறையும் என்பது வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகிற விடயம். கூலிக்குப் போகிற மனிசன், வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கப் போகிற மனிசி, எப்படித் தவறவிடாமல் போவார்கள்?

இதற்கு விசுவமடுவில் ஒரு கான்சர் ஆசுப்பத்திரி கட்டச் சொல்லிக் கேட்பது விசர்க்கதை. நான் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை சின்னவை, மலிவானவை. தெல்லிப்பளையில் சிகிச்சை முடியும்வரை நோயாளியும் கூடநிற்பவரும் தங்குவதற்கு வன்னிக்காரருக்குப் போதிய இடம். தூர இடத்து நோயாளிக்குப் போக்குவரத்துக் கொடுப்பனவு. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் புற்றுநோய் வைத்தியர் குறித்த நாளில் வந்து போகும் கிளினிக். வலி தாங்க முடியாமல் வீட்டில் கிடப்பவருக்கு மோர்பீன் குளிசை பக்கத்திலேயே கிடைக்கும் ஒழுங்கு, அதைக் கொடுக்கத் தெரிந்த தாதி. இவற்றில் எதற்காவது ரொறன்ரோக்காரர் காசு அனுப்புவாரா? மாட்டார். அவர் கல்நெஞ்சர் என்பதால் அல்ல. தருமம் முகத்தைப் பார்த்து வருவது. கிளினிக் நாளுக்கு முகம் கிடையாது.

இதைவிட முக்கியமான ஒன்றுக்கு முகமே இருக்க முடியாது. நோய் வரமுன் பிடிப்பது. இலங்கையில் 1996 தொடக்கம் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அங்கே இலவசம். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. வருடம் முப்பதாயிரம் பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிற நாட்டில் இவை பெரிய காரியங்கள். ஒரு பெண் முப்பத்தைந்து வயதில் பரிசோதனைக்குப் போய், சின்ன மாற்றம் தெரிந்து, சின்னச் சிகிச்சையோடு வீட்டுக்கு வந்து எண்பது வயதுவரை வாழ்ந்தால், அவளுடைய படம் எந்த வைபர் குழுவிலும் வராது. யாரும் அழமாட்டார்கள், யாரும் காசு அனுப்பமாட்டார்கள். அவளைக் காப்பாற்றுகிற பணம் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வரியாக மட்டுமே இருக்க முடியும். அந்த வரி மெலிந்தால் அதைக் காணப் போகிறவர், கண்டால் கேட்கப் போகிறவர், எங்களுடைய எம்பியைத் தவிர வேறு யார்?

அடுத்த மறுப்பு கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும். "எங்கட பிரச்சினை காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் தீர்வு. ஆசுப்பத்திரி கேட்டு எம்பியிட்டப் போனால் அது சலுகை அரசியல். உரிமைப் போராட்டத்தை மலினப்படுத்தும்." இந்த வாதத்தில் ஒரு கௌரவம் இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. சலுகை என்பது தருகிறவர் விரும்பினால் தருவது. சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் தொலைபேசி அட்டைக்கும் 2024 தை முதல் 18 வீத பெறுமதி சேர் வரி கட்டுகிற சனம் தன் வரிக்குக் கணக்குக் கேட்பது எந்த அகராதியில் சலுகை? காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் பந்தலில் வருடக்கணக்காக இருக்கிற தாய்க்கும் மார்பில் கட்டி வரும். அவளைக் காப்பாற்றுவது அந்தப் போராட்டத்தைப் பலவீனப்படுத்துமா? சாட்சி சொல்ல அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று. விசுவமடு என்ற ஊருக்கே இந்த வாதம் பொருந்தாது. குளத்து நீரையும் காணிப் பெர்மிட்டையும் நம்பி, படித்த வாலிபர் திட்டம் என்று பெயர் வைத்து இளைஞர்களைக் குடியேற்றிக் காடு வெட்டி எழும்பிய ஊர் இது. எழுபதுகளின் தொடக்கத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது இங்கே வீடுகள் கல்வீடுகளாயின. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அதே தோட்டக்காரர் கையைப் பிசைந்து நின்றார். கொழும்பில் ஒரு தீர்மானத்தால் எழும்பி இன்னொரு தீர்மானத்தால் விழுந்த ஊர், "அரசாங்கத்துத் தீர்மானத்துக்கும் எங்களுக்கும் என்ன?" என்று கேட்பது பொருத்தமில்லை. போட்ட குண்டை மறக்கச் சொல்லவில்லை. மறக்காமலேயே மகரகமவின் வரிசையில் நிற்கிறோமே, அந்த வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று மறக்காமலேயே கேட்கலாம்.

"சரி, யாருக்கு எழுதுறது?" என்று கேட்டால் அது நல்ல கேள்வி, ஏனென்றால் எங்களுடைய இடத்தில் பதில் சிக்கலானது. விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம். ஆகவே வன்னித் தேர்தல் மாவட்டம், ஆறு உறுப்பினர்கள். ஆனால் பரந்தன் பக்கமாகப் போய்த் தருமபுரம் என்றால் அது கிளிநொச்சி மாவட்டம், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது, அங்கும் ஆறு பேர். ஒரே வீதி, ஒரே பஸ், ஒரே கிளினிக் வரிசை. எம்பிமார் மட்டும் வேறு. இதைத் தலையிடி என்று சொல்லலாம். நான் இதை வசதி என்று சொல்வேன். எங்கள் நோயாளி சிகிச்சை பெறுவது தெல்லிப்பளையில், அது மற்றத் தேர்தல் மாவட்டத்தில். ஆகவே பன்னிரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டியவர்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வென்ற ஆறு பேரில் ச. சிறீபவானந்தராசா, இராமநாதன் அர்ச்சுனா ஆகிய இருவர் வைத்தியர்கள். ஒருவர் ஆளும் கட்சி, மற்றவர் சுயேச்சை. புற்றுநோய் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாகாண சபை இருந்திருந்தால் இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்பதும் உண்மை. பதின்மூன்றாம் திருத்தத்தின்படி சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்கு உரியது. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர் ஆட்சி. ஆளுநருக்கு வாக்காளர் கிடையாது, அவரைத் தோற்கடிக்க முடியாது. அதனாலேயே கடிதம் எழுதக்கூடிய, அடுத்த முறை முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய ஆட்கள் இந்தப் பன்னிரண்டு பேர்தான். மாகாண சபை வரட்டும் என்று காத்திருக்கலாம், கட்டி காத்திருக்காது.

எழுதினால் நடக்குமா என்பதற்கு உறுதிச்சீட்டு யாரிடமும் இல்லை. ஆனால் நடந்த இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1971 ஏப்ரலில் ஆன் லாண்டர்ஸ் என்ற பத்திரிகைப் பத்தி எழுத்தாளர், குடும்பத் தகராறுக்கும் மாமியார் பிரச்சினைக்கும் ஆலோசனை சொல்கிறவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சட்டமூலத்தை ஆதரிக்கும்படி செனற்றர்களுக்கு எழுதுங்கள் என்று தன் வாசகர்களைக் கேட்டார். இலட்சக்கணக்கில் கடிதங்கள் போய்க் குவிந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 23இல் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 

எங்களுக்குக் கிட்ட வந்தால் சென்னை அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று ஆட்சியாளர்களிடம் போனார். கான்சர் வந்தால் சாகத்தானே போகிறார்கள், ஆசுப்பத்திரி எதற்கு என்ற பாணியில் அமைச்சர் ஒருவர் பதில் சொன்னதாக அடையாறு மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார். முத்துலட்சுமி திரும்பிப் போய்ப் பெண்கள் சங்கத்தை வைத்து ஊரில் நிதி சேர்த்தார், ஆனால் ஆட்சியாளர்களின் கதவைத் தட்டுவதை நிறுத்தவில்லை. 1954 யூன் 18இல் பன்னிரண்டு கட்டிலோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. ஒரு கையால் உண்டியல், மறுகையால் மனு. நாங்கள் உண்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கையை மடியில் வைத்திருக்கிறோம்.

எங்கள் பாராளுமன்றத்திலேயே பார்க்கலாம். 2023 செப்டெம்பரில் மருந்துத் தட்டுப்பாட்டையும் தரத்தையும் வைத்து அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெலவுக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 73க்கு 113 என்று தோற்றது. பார்த்தாயா, ஒன்றும் நடக்காது என்று அன்றும் சொன்னார்கள். அடுத்த மாதமே அவரிடமிருந்து சுகாதார அமைச்சு எடுக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் கைதானார். குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சபையில் பேசப்பட்ட சொல் ஹன்சாட்டில் ஏறும், ஏறியது அழியாது.

ஆகவே எழுதுகிறபோது கண்ணீரால் எழுதக்கூடாது, கணக்கால் எழுத வேண்டும். எம்பிமாரின் மேசையில் கண்ணீர்க் கடிதம் கட்டுக்கட்டாக இருக்கிறது. அவரால் சபையில் அப்படியே வாசிக்கக்கூடிய கேள்வியாக எங்களுடையது இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் எங்களுடைய சுகாதாரப் பணிமனையிடமே கேட்கலாம்: புதுக்குடியிருப்புப் பிரிவில் முப்பத்தைந்து வயதுப் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் போன வருடம் சுகவனிதையர் கிளினிக்குக்கு வந்தவர் எத்தனை பேர், பாப் பரிசோதனை முடிவு வரச் சராசரி எத்தனை நாள், குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடம் எத்தனை. பதில் வந்தால் அந்த இலக்கத்தோடு கடிதம். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்பதே கடிதம். வாய்மூலக் கேள்வியாகச் சபையில் எழுப்பச் சொல்லலாம். பாராளுமன்றப் பொது மனுக் குழுவுக்கு மனுப் போட வேண்டுமானால் அதுவும் ஒரு உறுப்பினர் ஊடாகத்தான் போகும். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சின் தலைப்பு வரும் நாளுக்கு முன் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு போகும் கடிதம் அடுத்த வருடத்துக்கானது. பிரதியை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், மாகாணங்களுக்கான பங்கைச் சிபாரிசு செய்யும் நிதி ஆணைக்குழுவுக்கும் போடலாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோயாளியின் பெயரோ படமோ வேண்டவே வேண்டாம். வெட்கப்பட்டு ஒளித்து வைத்த நோயை வைபரில் போட்டதே போதும்.

பதில் வராமலும் போகலாம். முதற் கடிதத்துக்குப் பெரும்பாலும் வராது. வாக்குக் கேட்க வந்தவர் இரண்டாவது கடிதத்தை மறக்கலாம், மூன்றாவதைப் பிரதியோடு கூட்டத்தில் எழும்பி வாசித்தால் மறக்கமாட்டார். அதற்கு நாலு பேர் வேண்டும். மாதர் சங்கத்தில் இருவர், கமக்காரர் அமைப்பில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். விசுவமடுவில் அவர்கள் இருக்கிறார்கள். வைபர் குழுவில் முதல் ஆளாகக் காசு போடுகிறவர்களும் அவர்கள்தான்.

சாதாரணக் கடிதத்துக்கு ஐம்பது ரூபாய் முத்திரை. வன்னிக்கு ஆறு, யாழ்ப்பாணத்துக்கு ஆறு, பன்னிரண்டு உறைக்கு அறுநூறு ரூபாய். அந்தக் காசுக்கு வான்காரர் பரந்தன்வரைகூட வரமாட்டார்.